ஒரு ராத்திரி தாங்காத முள்ளுப்பழம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எது கெட்டுப்போகிற மாதிரி இருந்தாலும் என் கை தானாக உப்பு மூட்டைப் பக்கம் போய்விடும். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கிறவனுக்கு இது தொழில் வியாதி. டாக்டருக்கு ஊசி, போலீசுக்கு லத்தி, எனக்கு உப்பு. மீன் கெடாமலிருக்க உப்பு, நார்த்தங்காய் கெடாமலிருக்க உப்பு, ஆளே போய்ச் சேர்ந்தாலும் குழியில் இறக்கி மேலே ரெண்டு மூட்டை உப்பு. இந்த ஞானத்தோடு ஐம்பத்து மூன்று வயது வரை ஒரு குறையுமில்லாமல் வாழ்ந்து வந்தேன். என் மகள் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் வரைக்கும்.

மகள் பவித்ரா. சென்னையில் வேலை. அதே ஆபீசில் வேலை பார்த்த அருண் என்ற பையனை அவளே பார்த்து, அவளே பேசி, எல்லாம் முடிவான பிறகு எனக்கும் ஒரு வார்த்தை சொன்னாள். (தகவலுக்காக.) பையனுக்கு ஊர் ஏற்காடு. அவன் அம்மா, அதாவது என் சம்பந்தியம்மா, மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆன விஷயம் அவர் குரலுக்கு மட்டும் இன்னும் தெரியாது. அவர் போனில் "ஹலோ" என்றால் நான் இந்தப் பக்கம் எழுந்து நிற்பேன்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் ஒரு முட்செடி வளர்கிறது. காட்டுச் செடிதான், யாரும் நட்டதில்லை. மேலெல்லாம் முள், கொத்துக் கொத்தாய்க் கறுஞ்சிவப்புப் பழம். படித்தவர்கள் ராஸ்பெரி ஜாதி என்கிறார்கள், சம்பந்தியம்மா வீட்டில் முள்ளுப்பழம். நிச்சயத்துக்கு முந்தின நாள் அந்தப் பழம் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு ராத்திரி அங்கே தங்க வேண்டும். மறுநாள் மோதிரத்துக்கு முன்னால் மாமியார் கையால் அந்தப் பழத்தை மருமகளுக்குக் கொடுப்பார்கள்.

"ரொம்ப மென்மையான பழங்க சம்பந்தி. விரலால அழுத்தினா போச்சு. அதை ஒரு ராத்திரி பத்திரமா வெச்சிருந்து குடுக்கற வீடு, பொண்ணையும் பத்திரமா வளர்த்த வீடுன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க" என்றார் போனில்.

புரிந்ததா? இது பழமில்லை. பரீட்சை. இருபத்தைந்து வருஷம் பெண் வளர்த்ததற்கு ஒரே ராத்திரியில் மார்க் போடப் போகிறார்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் அருண் பஸ்ஸில் வந்து இறங்கினான். மடியில் வைத்தே கொண்டு வந்திருக்கிறான் ஒரு எவர்சில்வர் டப்பாவை. திறந்து காட்டினான். வாழையிலை மேல் முப்பது நாற்பது பழம். ஒவ்வொன்றும் குட்டிக் குட்டி மணிகளைச் சேர்த்துக் கோத்த மாதிரி, மேலே லேசாய்ச் சாம்பல் பூத்து, அழகாகத்தான் இருந்தது. ஒன்றை எடுத்து விரல் நுனியில் தொப்பி மாதிரி மாட்டிப் பவித்ராவிடம் ஆட்டிக் காட்டினான். அவள் சிரித்தாள். நான் பந்தல்காரனோடு போனில் சண்டை போட்டபடியே அதைப் பார்த்தேன். 'சாப்பிடற பொருளை வெச்சு விளையாடறாங்க பாரு, இந்தக் காலத்துப் பசங்க' என்று மனசுக்குள் ஒரு திட்டு. (அந்தத் தொப்பியை நான் ஒழுங்காகக் கவனித்திருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது.)

அருண் டப்பாவைக் கொடுத்துவிட்டு, புதுச்சேரியில் நண்பன் ரூமுக்குப் போய்விட்டான். அவன் அப்பா அம்மா மறுநாள் காலை வேனில் நேராக வருவதாக ஏற்பாடு. என் மனைவி மல்லிகா டப்பாவை ஃப்ரிட்ஜில் வைத்தாள். பிறகு அம்மாவும் மகளும் ஜாக்கெட் வாங்கத் திண்டிவனம் கிளம்பினார்கள். போகும்போது மல்லிகா சொன்னது ஒரே வார்த்தை: "தொடாதீங்க."

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு. சாயங்காலம் ஐந்து வரை வராது.

மே மாசம். எங்கள் ஊர் வெயிலைச் சொல்ல வேண்டுமா? உப்புப் பாத்தியில் காலையில் பாய்ச்சிய தண்ணி மதியத்துக்குள் ஏடு கட்டுகிற வெயில். உப்புக்கு நல்லது. முள்ளுப்பழத்துக்கு?

பத்து மணிக்குச் சம்பந்தியம்மா போன். நான் எழுந்து நின்றேன்.

"பழம் வந்துச்சுங்களா? கூடவே ஒரு பொட்டலம் இருக்கும் பாருங்க, காஞ்ச இலை. அதே செடி இலைதான். கொதிக்க வெச்சுக் கொப்பளிச்சா வாய்ப்புண்ணுக்கு நல்லது. வயித்துப்போக்குக்கு அரை டம்ளர் குடிக்கலாம். அரை டம்ளர்தான், துவர்ப்பு ஜாஸ்தி. பழம் இருமலுக்குக் குடுப்போம், பசங்களுக்கு ஜாம் போடுவோம். மலையில எங்களுக்கு அதுதான் பாதி வைத்தியம். குறிச்சுக்கிட்டீங்களா?"

"குறிச்சுட்டேங்க" என்றேன். பேனா பக்கத்து அறையில் இருந்தது.

"பழத்து மேல தண்ணி படக்கூடாது. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கக் கூடாது. வாடற மாதிரி இருந்தா மேல கொஞ்சம் சர்க்கரை தூவிடுங்க."

"நீங்க கவலையே படாதீங்க. நம்ம பொறுப்பு."

போனை வைத்துவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். (கரண்ட் இல்லாதபோது திறக்கக் கூடாது என்பது இப்போது தெரிகிறது.) சும்மா பார்க்கத்தான். பத்தரைக்கு இன்னொரு தரம். பதினொன்றுக்கு இன்னொரு தரம். அந்த மூன்றாவது தரத்தில்தான் டப்பாவின் அடியில் செக்கச்செவேல் என்று ஒரு கோடு சாறு வழிந்திருப்பதைப் பார்த்தேன். வாழையிலை ஓரத்தில் ரெண்டு எறும்பு. ஃப்ரிட்ஜுக்குள் எறும்பு எப்படி வந்தது? நான்தான் மூன்று தரம் கதவைத் திறந்து வா வா என்று கூப்பிட்டிருக்கிறேனே.

பழம் கெடுகிறது. பழம் கெட்டால் பெண் வளர்ப்பு கெட்டது. சம்பந்தியம்மா வேனைத் திருப்பிவிடுவார். பவித்ரா அழுவாள். மல்லிகா என்னை... அதற்கு மேல் யோசிக்கவில்லை. சர்க்கரை தூவச் சொன்னாரே என்று டப்பாவை எடுத்துப் பார்த்தேன். எறும்பு இருக்கிற இடத்தில் சர்க்கரையா? மலையில் இருக்கிறவர்களுக்கு எறும்பைப் பற்றி என்ன தெரியும்? கெடாமல் வைக்கிற விஷயத்தில் ஒரு உப்பளக்காரனுக்கு ரிட்டயர்டு ஹெச்செம் பாடம் எடுப்பதா?

கை தானாகப் போனது.

சாதாரண உப்பில்லை ஐயா. அந்த சீசனில் என் பாத்தியில் வாரிய முதல் வாரல். கற்கண்டு மாதிரி மணி மணியாய், வெள்ளை வெளேர் என்று, வீட்டுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தது. பெரிய எவர்சில்வர் அடுக்குப் பாத்திரத்தில் இரண்டு விரற்கடை உப்பைப் பரப்பினேன். அதன் மேல் பழங்களை ஒன்றோடொன்று படாமல், பிறந்த குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வைத்தேன். ('அடுக்கக் கூடாது' என்ற உத்தரவை மீறவில்லை, கவனிக்கவும்.) மேலே இன்னும் இரண்டு விரற்கடை உப்பு. தட்டிச் சமன் செய்தேன். எறும்பு எட்டிப் பார்க்குமா? ஈ வருமா? இன்னும் ஆறு மாசத்துக்கு அந்தப் பழத்துக்கு எமனே வந்தாலும் திரும்பித்தான் போக வேண்டும் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்தேன்.

செய்ததோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பெருமை தாங்காமல் அந்த அடுக்கை மேலேயிருந்து ஒரு போட்டோ எடுத்து, ரெண்டு குடும்பமும் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் போட்டேன். 'பழம் பத்திரம்' என்று எழுதி ஒரு கும்பிடு.

ஒரே நிமிஷத்தில் சம்பந்தியம்மாவிடமிருந்து பதில்: 'அட, ஐஸ்ல வெச்சிருக்கீங்களா! இவ்வளவு அக்கறை நான் எந்த வீட்லயும் பாத்ததில்ல!'

அதற்கு அருண் அப்பா ஒரு கைதட்டல். அருண் ஒரு இதயம். ஏற்காட்டிலிருந்து யாரோ ஒரு பெரியப்பா, கட்டை விரல்.

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. 'ஐஸா? கண்ணாடி மாத்தணும் போல இருக்குது அந்தம்மா' என்று நினைத்துக்கொண்டு பதிலுக்கு இன்னொரு கும்பிடு போட்டேன்.

ஐந்தரைக்கு மல்லிகா வந்தாள். குரூப்பை அவள் பஸ்ஸிலேயே பார்த்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏங்க, பகலெல்லாம் கரண்ட்டே இல்லையாமே, ஐஸ் ஏதுங்க உங்களுக்கு?"

"ஐஸ் இல்ல. உப்பு."

மல்லிகா அடுக்கை எடுத்துக் கையை விட்டுக் கிளறினாள். மேலே வெள்ளை. கீழே இளஞ்சிவப்பு. அதற்குக் கீழே கஞ்சி. பழம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அங்கங்கே சுருங்கிய மிளகு மாதிரி சில உருப்படிகள் சாற்றில் மிதந்துகொண்டிருந்தன.

"கருவாடு போட்டிருக்கீங்க" என்றாள் மல்லிகா.

"கெட்டுடுமேன்னு..."

"நல்ல வேளை, பவித்ரா பொறந்தப்ப நான் முழிச்சிட்டிருந்தேன்."

பவித்ரா ஜாக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "எங்க வீட்ல எல்லாரும் கரெக்டா இருப்பாங்கன்னு அவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன்பா" என்றாள் மெதுவாக. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைக் கேட்டதும் என் வயிறு கலக்க ஆரம்பித்தது. நிஜமாகவே. நாலு தரம் ஓடினேன். நாலாவது தரம் வெளியே வந்தபோது மல்லிகா டம்ளரோடு நின்றாள். சம்பந்தியம்மா அனுப்பிய இலையைக் கொதிக்க வைத்திருந்தாள்.

"பாதி டம்ளர் குடிங்க."

வாயில் வைத்ததும் நாலு கொட்டைப்பாக்கை ஒன்றாய் மென்ற மாதிரி இழுத்தது. ஆனால் பயந்தவன் அளவு பார்ப்பானா? பாத்திரத்தில் இருந்த அத்தனையும் குடித்தேன். கேட்டது. நன்றாகவே கேட்டது. நிச்சயத்துக்குப் பிறகும் மூன்று நாள் வரை கேட்டுக்கொண்டே இருந்தது. (மேல் விவரம் தேவையில்லை.)

வயிறு நின்றதும் மூளை ஓட ஆரம்பித்தது. மல்லிகாவின் சித்தப்பா மகன் முருகையன் ஆரோவில்லில் தோட்ட வேலை செய்கிறான். அங்கே ஒரு வீட்டில் மல்பெரி மரம் காய்த்துக் கொட்டுகிறது என்று எப்போதோ சொல்லியிருந்தான். மல்பெரியும் கறுஞ்சிவப்பு. அதுவும் மணி கோத்த மாதிரிதான்.

ஞாயிறு விடிந்தும் விடியாமல் ஸ்கூட்டரை எடுத்தேன். கூனிமேட்டில் டீக்கடைக்காரர் கையைக் காட்டினார், நிற்கவில்லை. கீழ்புத்துப்பட்டில் போலீஸ் கையைக் காட்டினார், நின்றேன். "எங்க சார் இவ்ளோ அவசரம்?" "பொண்ணுக்கு நிச்சயம் சார், பழம் வாங்கப் போறேன்." பெண்ணைப் பெற்றவன் முகத்தில் அப்படி என்ன எழுதியிருந்ததோ, விட்டுவிட்டார்.

முருகையன் மரத்தை உலுக்கினான். "மாமா, இது பட்டுப்பூச்சி செடிப் பழம். நிச்சயத்துல இதையா வெக்கப் போறீங்க?"

"டேய், யாருக்குடா தெரியப் போவுது?"

"எதுக்கும் இன்னொரு டப்பா பறிச்சாரட்டுமா?"

"போதும்டா, பேசாம பறி."

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி, கொஞ்சம் நீளமாக இருந்ததையெல்லாம் தள்ளி, உருண்டையாக இருந்ததை மட்டும் எடுத்தேன். பச்சைக் காம்பை நகத்தால் கிள்ளினேன். அருண் கொண்டு வந்த அதே டப்பா, அதே வாழையிலை. பார்க்க அசல் முள்ளுப்பழம். மல்லிகா பக்கத்தில் நின்று பார்த்தாள். "இதுல நான் இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

பத்து மணிக்கு வேன் வந்தது. பந்தல் நிரம்பியது. சம்பந்தியம்மா பட்டுப்புடவையில் வந்து உட்கார்ந்ததும் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் முதுகு நிமிர்ந்தது. தாம்பூலம் மாற்றியாயிற்று. பவித்ராவை அழைத்து வந்து உட்கார வைத்தார்கள்.

"எங்க வீட்டு வழக்கம் ஒண்ணு இருக்குது" என்று சம்பந்தியம்மா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். "பழத்தைச் சம்பந்தி ஐஸ்ல வெச்சுப் பாத்துக்கிட்டார். அந்த மாதிரி மனுஷங்க கிடைக்கறது கஷ்டம்." பந்தலில் ஒரு முணுமுணுப்பு. நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். (குற்றவாளி தலை குனிவதும் அடக்கமானவன் தலை குனிவதும் பார்க்க ஒன்றுதான்.)

டப்பாவைத் திறந்தார். இருப்பதில் பெரியதாக ஒன்றை எடுத்தார். பவித்ராவின் மோதிர விரலைப் பிடித்தார். பழத்தைத் திருப்பினார். இந்தப் பக்கம் திருப்பினார். அந்தப் பக்கம் திருப்பினார்.

விஷயம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முள்ளுப்பழத்தைப் பறித்தால் நடுத்தண்டு செடியிலேயே நின்றுவிடும், பழம் மட்டும் உள்ளே குழிவாய் வரும். அதைத்தான் மருமகள் விரலில் தொப்பியாக மாட்டுவார்கள். அவள் விரலிலிருந்தே அதைச் சாப்பிட வேண்டும். அப்புறம் அதே விரலில் மோதிரம். மல்பெரிக்கு உள்ளே குழியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. திடமாக, முழுசாக, நேர்மையாக இருக்கும். அந்தப் பந்தலில் நேர்மையாக இருந்த ஒரே பொருள் அதுதான்.

சம்பந்தியம்மா விரல் மேல் வைத்து அழுத்தினார். சாறு பீய்ச்சி அடித்தது. பட்டுப்புடவையில் மூன்று சொட்டு. இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதை எடுத்தார்.

"சம்பந்தி."

எழுந்து நின்றேன்.

"இதுல ஓட்டை எங்க?"

எத்தனையோ பதில் இருக்கிறது உலகத்தில். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "எங்க ஊரு வெயிலுக்கு மூடிக்கிச்சு போலங்க."

"மூடிக்கிச்சுங்களா?"

"கடல் காத்து வேற..."

"நாப்பது பழமும்?"

"எல்லாம் ஒரே செடிப் பழம்தானுங்களே."

அருண் இருமினான். பவித்ரா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துப் பந்தல் வாசலில் சைக்கிள் சத்தம். வேர்த்து விறுவிறுத்து முருகையன் உள்ளே வந்தான். கையில் ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பா.

"மாமா! பழம் பத்துச்சா? பத்தாதோன்னு இன்னொரு டப்பா பறிச்சாந்துட்டேன்! சும்மா கொட்டிக் கிடக்குது மரத்துல!"

எங்கள் ஊரில் உப்பு காய்கிற சத்தம் யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு அந்த அமைதியில் கேட்டிருக்கலாம்.

ஒப்புக்கொண்டேன். ஒன்று விடாமல். கரண்ட் போனது, எறும்பு வந்தது, முதல் வாரல் உப்பு, போட்டோ, மல்பெரி. சொல்லச் சொல்லச் சம்பந்தியம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஹோம் ஒர்க் செய்யாத பையனின் காரணத்தை முழுசாகக் கேட்டுவிட்டு அடிக்கிற டீச்சர் முகம் அது.

"என் பழம் எங்க?" என்றார் கடைசியில்.

கொட்டியாயிற்று என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மல்லிகா உள்ளே போய் அதே அடுக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்திருக்கிறாள். "எனக்குத் தெரியும் இது வெளிய வரும்னு" என்றாள்.

சம்பந்தியம்மா வளையலை மேலே தள்ளிவிட்டு அந்தக் கஞ்சிக்குள் கையை விட்டார். துழாவினார். எடுத்தார், கீழே போட்டார். எடுத்தார், போட்டார். கடைசியில் ஒன்று கிடைத்தது. சுண்டக்காய் வற்றல் மாதிரி சுருங்கி, உள்ளே குழி முழுக்க உப்பு அடைத்துக் கிடந்தது. தாம்பாளத்தில் தட்டினார். உப்பு உதிர்ந்தது. ஓட்டை தெரிந்தது.

மோதிர விரலில் அது நுழையவில்லை. சுண்டுவிரல் நுனியில் ஏதோ பேருக்கு நின்றது.

"சாப்பிடும்மா."

பவித்ரா வாயில் போட்டாள். பந்தல் மொத்தமும் அவள் முகத்தைப் பார்த்தது. முதலில் புருவம் ஒன்றோடொன்று முட்டியது. பிறகு ஒரு கண் மூடியது. பிறகு இன்னொரு கண்ணிலிருந்து தண்ணீர். துப்பிவிடுவாள் என்று நினைத்தேன். துப்பியிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். துப்பவில்லை. என் மகள், விழுங்கினாள்.

"எப்படி இருக்குது?" என்றார் சம்பந்தியம்மா.

பவித்ரா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "எங்கப்பா மாதிரியே இருக்குது அத்தை. நல்லதுதான், ஆனா ஓவர்."

முதலில் சிரித்தது அருண் அப்பா. அதுவரை அவருக்குக் குரல் உண்டென்றே எனக்குத் தெரியாது. பிறகு பந்தல். கடைசியாகச் சம்பந்தியம்மா. வாயை மூடிக்கொண்டு, தோள் மட்டும் குலுங்கக் குலுங்க. புடவையில் இருந்த மூன்று சொட்டைத் துடைத்தபடி மல்லிகா பக்கம் திரும்பினார்.

"ஒரு ராத்திரி பழத்தைக் குடுத்ததுக்கே இந்தக் கதி. இருபத்தஞ்சு வருஷம் உங்க பொண்ணு இவர்கிட்ட எப்படிங்க தப்பிச்சா?"

"நான் இருந்தேன்ல" என்றாள் மல்லிகா.

மார்க் போட்டாயிற்று. அம்மாவுக்கு முழு மார்க். அப்பாவுக்கு இன்றுவரை ரிசல்ட் வரவில்லை.

கல்யாணம் நடந்தது. அந்தக் குரூப்பின் முகப்புப் படமாக இப்போதும் இருப்பது என் உப்பு அடுக்குதான். மாற்றலாம் என்று ரெண்டு தரம் சொல்லிப் பார்த்தேன், யாரும் படித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் ஏற்காட்டிலிருந்து முள்ளுப்பழம் வருகிறது, ஜாமாக, பாட்டிலில், மூடி மேல் 'இதுக்கு மேல ஒண்ணும் செய்ய வேண்டாம் சம்பந்தி' என்று அழகான டீச்சர் கையெழுத்தில். கூடவே ஒரு பொட்டலம் இலை. அதன் மேல் 'அரை டம்ளர்'. அரைக்கு அடியில் இரண்டு கோடு.

போன மாசம் பவித்ராவுக்குக் குழந்தை பிறந்தது. பெண். பாத்தியிலிருந்து அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நர்ஸ் துணியில் சுற்றி வெளியே கொண்டு வந்து, "தாத்தா யாரு, வாங்க" என்றார். கையை நீட்டினேன்.

"அவர்கிட்ட குடுக்காதீங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எழுந்து நிற்கலாம் என்று பார்த்தால், ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன். சம்பந்தியம்மா வந்து குழந்தைக்கும் எனக்கும் நடுவில் நின்றார். "முதல்ல கையை நக்கிப் பாருங்க சம்பந்தி."

நர்ஸ் ஒன்றும் புரியாமல் பார்த்தார். நான் நக்கிப் பார்த்தேன்.

உப்பு இருந்தது. போய்க் கழுவிக்கொண்டு வந்தேன்.